டாக்டர் வாயிலிருந்த பஜ்ஜி

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடிப்பது ஜெசிந்தாவின் வேலை. புரியாத இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. அது அந்த வேலையின் சட்டம்.

பெரிய டாக்டர் கருணாகரனோ பஜ்ஜியை மென்றுகொண்டே பேசுகிறவர். ஒருநாள் தாளை ஆட்டிக்கொண்டு வந்து அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

"மாத்திரை அளவுல கோடா? காது செவிடா? நான் சொன்னதைச் சொன்னபடி அடி, போதும்!"

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவைச் சத்தமாக ஓடவிட்டாள். மூன்று தடவை கேட்டும் அவருக்கே மெல்லும் சத்தம்தான் கேட்டது.

"எத்தனை மில்லிகிராம், சார்?"

"ஏதோ ஒண்ணு போட்டுத் தொலை!"

மடமடவென்று அடித்து, தாளை உருவி நீட்டினாள். 'ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: ஏதோ ஒண்ணு போட்டுத் தொலை.'

"சொன்னதைச் சொன்னபடி அடிச்சுட்டேன் சார். கையெழுத்துப் போடுங்க. முழுங்கப் போறது ஏழாம் நம்பர் கட்டில் பெரியவர்."

டாக்டர் பேனாவைத் தொடவில்லை. அவரே மாடியேறி வார்டுக்குப் போய்ப் பார்த்து வந்து, பழைய தாளில் அவள் போட்ட கோட்டின் மேல் தன் கையாலேயே அளவை எழுதினார்.

மன்னிப்புக் கேட்டாரா? அந்த இடத்தில் இன்னமும் கோடுதான்.