களவா தோண்டிய நீலக்குழி

அந்தக் காலத்தில் மீன் பேசினால் மனிதனுக்குப் புரியும். மனிதன் பொய் சொன்னால் மீனுக்கும் புரிந்துவிடும். தெற்குக் கடலில், கரை கண்ணுக்கே தெரியாத தொலைவில், வட்டமாக ஒரு பவளத்திட்டு இருந்தது. வட்டத்துக்கு வெளியே அலை முட்டி மோதும். உள்ளே இடுப்பளவு தண்ணீர்தான். இன்றைக்கு அதன் நடுவில் இருக்கிற நீலக்குழி அப்போது கிடையாது. எங்கே கால் வைத்தாலும் தரை தட்டும்.

திட்டில் குடியிருந்த மீனவர்களில் பெரிய வலைக்காரன் கருமுத்தன். வலையை இறக்குவான், அடியில் கட்டிய கல் தரையில் உட்காரும், அப்படியே இழுப்பான். குஞ்சு குளுவான்கூட மிஞ்சாது. அதனால் அதிகம் அடிபட்டவள் ஒரு களவா மீன். பருவத்துக்குப் பருவம் அவள் குஞ்சுகள் வலையோடு போய் மணலில் காய்ந்தன. அந்த வருஷமும் வயிற்றில் முட்டை பிடித்தபோது, நேரே அவன் வள்ளத்துக்கு அருகில் வந்து தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, இந்தத் தண்ணி முழுக்க ஒங்களுதாவே இருக்கட்டும். ஒரே ஒரு மூலையை எனக்கு விட்டுருங்க. எம் புள்ளைக பொழச்சுக்கும்."

கருமுத்தன் சிரித்தான். "மூலையா? என் வலை தரை தட்டாத எடம் ஒண்ணு இருந்தாக் காட்டு. நானும் சரி, எங்க சனமும் சரி, அந்தப் பக்கம் வலை போட மாட்டோம்."

"சொல்லு மாறாதே?"

"மாறாது, போ."

அந்தத் தண்ணீரில் அவன் வலை படாத இடமே இல்லை. இல்லாத ஒன்றைக் கொடுப்பதில் நம் ஆளுக்கு எப்போதும் தாராள மனசு. பக்கத்தில் துடுப்புப் பிடித்திருந்த அவன் மனைவி உலகாயி மட்டும் சிரிக்கவில்லை.

திட்டின் நடுவே ஒரு பாறை இடுக்கிலிருந்து சில்லென்று தண்ணீர் கசிவதைக் களவா முன்பே கவனித்திருந்தாள். சில்லென்று வருகிறதென்றால் கீழே ஆழம் இருக்க வேண்டும். அங்கே போய்த் தோண்ட ஆரம்பித்தாள். தோண்டக் கையா இருக்கிறது? வாயால்தான். மணலை வாய் நிறைய அள்ளி அப்பால் துப்பினாள். மணல் தீர்ந்ததும் கல்லைக் கவ்விப் பிடுங்கினாள். நண்டுகள் கூடி நின்று கேலி செய்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு கிழிந்தது, தாடை வீங்கியது. நாளாக ஆக வயிறும் கனத்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

கல்லைக் கொறித்தே வயிறு வளர்க்கும் கிளிமீனுக்கு மனசு கேட்காமல், அதுவும் வந்து அலகால் கொறித்தது. ஒருநாள் கொறிப்பதைச் சட்டென்று நிறுத்தியது.

"அக்கா, சத்தத்தைக் கேளு. அடியில வெறும் பொந்து. இன்னொரு கல்லை உருவினா மொத்தமா உள்ள போயிரும். நீயும் சேர்ந்து போயிருவ."

"நீ வெலகிப் போயிரு தம்பி."

"அக்கா!"

"எத்தன தரம் எம் புள்ளைக காஞ்சு கெடந்ததைப் பாக்குறது? போ."

கிளிமீன் அழுதுகொண்டே விலகியது. களவா கடைசிக் கல்லைக் கவ்வி, உடம்பு முழுவதையும் முறுக்கி இழுத்தாள். கடலின் அடி இடிந்தது. பழங்காலத்துக் குகை ஒன்று கூரையோடு உள்ளே விழ, சுற்றியிருந்த தண்ணீர் சுழன்று இறங்கியது. களவாவும் அதோடு போனாள்.

சத்தம் கேட்டுக் கருமுத்தனும் உலகாயியும் வள்ளத்தில் விரைந்து வந்தார்கள். வெளிர்பச்சைத் தண்ணீர் நடுவில் வட்டமாக ஒரு கருநீலம். கருமுத்தன் நம்பவில்லை. வலையை இறக்கினான். கல் உட்காரவில்லை. நங்கூரக் கயிற்றையும் முடிந்து இறக்கினான். அப்போதும் உட்காரவில்லை. கயிறு மட்டும் திடீரென்று கனத்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

வலைக்குள் களவா இருந்தாள். உயிர் இருந்தது. வாய் பழைய வாய் இல்லை. இரண்டு மடங்கு அகன்று, கீழ்த்தாடை முன்னால் தள்ளி நின்றது. வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. செவுள் வலைக்கண்ணியில் இறுக மாட்டியிருந்தது.

"தரை தட்டுச்சாண்ணே?" என்று கேட்டாள்.

கருமுத்தன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு பெரிய மீனை அவன் பிடித்ததே இல்லை. "தட்டல," என்றான். பிறகு மெதுவாக, "ஆனா மீனு வலைக்குள்ள வந்துருச்சே…" என்று இழுத்தான்.

உலகாயி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "புள்ளத்தாச்சிய்யா அவ. அறு."

"பருவம் பூராப் பின்னுன வலை, புள்ள."

"பின்னுன கை இங்கதான இருக்கு? அறு."

அவன் களவாவின் வாயைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கத்தியை வாங்கி, கண்ணி கண்ணியாக அறுத்தான். களவா நழுவிக் குழிக்குள் இறங்கினாள். அறுந்த வலையும் அவள் பின்னாலேயே போனது. அந்தப் பருவத்தில் குழியின் விளிம்பெல்லாம் களவாக் குஞ்சுகள் மொய்த்தன.

அன்று முதல்தான் களவாவுக்கு வாய் அவ்வளவு அகலம். அன்று முதல்தான் அந்தக் கடல் மீனவர்கள், வீட்டில் உலை காய்ந்தாலும், நீலக்குழியின் ஓரம் வந்ததும் வலையைச் சுருட்டி வள்ளத்துக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு கடந்து போகிறார்கள்.