கரடிக்கு முதுகு காட்டியவர்

அந்த உயிரியல் பூங்காவில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு நாற்பத்தேழு. குரு சீடரை "சார்" என்று அழைத்தார். சீடர் குருவை "மேடம்" என்று அழைத்தார். காலம் அப்படி.

குருவின் பெயர் ஜுலைகா. விலங்குகளின் நடத்தையைப் படித்தவர். பயிற்சிக்கு வருகிறவர்களை மூன்று மாதம் வைத்து வேலை சொல்லிக்கொடுத்து அனுப்புவார். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசையோடு வருவார்கள். கிடைப்பது துடைப்பமும் வாளியும்தான்.

சீடரின் பெயர் அருமைநாயகம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேற்பார்வையாளராக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். மனைவி இறந்துபோயிருந்தார். மகள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அஞ்சல் வழியில் உளவியல் படித்தார். அந்தப் படிப்புக்கு எங்காவது பயிற்சி எடுக்க வேண்டும் என்றார்கள். மனிதர்களை மேய்த்தது போதும் என்று இங்கே வந்து சேர்ந்தார்.

முதல் நாள் ஜுலைகா அவரை ஒரு சுவருக்கு முன்னால் நிறுத்தினார். ஆணிகளில் வரிசையாகப் பழுப்பு நிறக் கோட்டுகள் தொங்கின.

"தினமும் வேற கோட்டு எடுக்கணும் சார். நேத்துப் போட்டதை இன்னிக்குப் போடக் கூடாது. முகத்துல துணி கட்டணும். மிருகத்துக்கிட்ட பேசக் கூடாது. பேர் வச்சுக் கூப்பிடக் கூடாது. கையால ஊட்டக் கூடாது."

"எதுக்கு மேடம் இவ்வளவு?"

"அதுங்களுக்கு ஆளு தெரியக் கூடாது. சாப்பாடு வரும், தண்ணி வரும், கூண்டு சுத்தமாகும். யார் செஞ்சாங்கன்னு தெரிய வேண்டாம்."

"நன்றி இல்லாமப் போயிருமே."

"நீங்க போயிடுவீங்களே சார்."

அருமைநாயகம் சிரித்தார். குரு ஏதோ வேடிக்கையாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்குக் கொடுத்தது ஒரு பெண் கரடி. தெருத்தெருவாக ஆடவைத்துப் பிழைத்தவர்களிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்தது. மூக்கில் கயிறு கோத்த ஓட்டை அப்படியே இருந்தது. கயிறு போய்ப் பல வருஷம் ஆகியும் ஆட்டம் மட்டும் போகவில்லை. ஒரே இடத்தில் நின்று இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்கள், "ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்க அதில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. அது அடிவாங்கி அடிவாங்கிப் பழகிய உடம்பு.

ஒரு நாள் கம்பிக் கதவுக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தபோது அருமைநாயகம் தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

"என்ன தாயி, கால் வலிக்கலியா?"

கரடி ஆட்டத்தை நிறுத்தியது. அவரைப் பார்த்தது.

அந்தப் பார்வையில் மனிதர் விழுந்துவிட்டார். யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள்.

மறுநாளிலிருந்து ஒரே கோட்டைத் தனியாக எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டார். யாரும் இல்லாத நேரம் முகத்துத் துணியை இறக்கிவிட்டார். பேரீச்சம்பழம் வாங்கிவந்து கம்பி இடுக்கில் கையால் ஊட்டினார். போகும்போதும் வரும்போதும் தாயி, தாயி என்று பேசினார். கரடி அவர் வரும் நேரம் பார்த்துக் கதவருகே வந்து உட்காரத் தொடங்கியது. அவர் இருக்கும்வரை ஆடாது.

பயிற்சி முடியும் சமயத்தில் அவரால் அந்தப் பெருமையை அடக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜுலைகாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

"பாருங்க மேடம். என்னயக் கண்டா ஆட்டத்த நிறுத்திருது."

கரடி ஓடிவந்து கதவருகே உட்கார்ந்தது. ஜுலைகா கரடியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இது எந்தக் கோட்டு சார்?"

அருமைநாயகம் குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"நேத்தும் இதேதானா?"

"ஆமா மேடம்."

"எப்பலேர்ந்து?"

"வந்த புதுசுலேர்ந்தே."

"என்னிக்குக் கிளம்பறீங்க?"

"வெள்ளிக்கிழமை."

ஜுலைகா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கவனிச்சிருக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு பாராட்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. இந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அருமைநாயகம் நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கரடியிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்.

சில நாட்களில் போன் வந்தது.

"சார், கரடி சாப்பிட மாட்டேங்குது."

"என்ன செய்யுது மேடம்?"

"கதவுகிட்ட உக்காந்திருக்கு. சாயங்காலம் உள்ளே போறதில்ல. மழையிலயும் அங்கேயேதான். எலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. இப்படியே போனா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்றார்."

அருமைநாயகம் அன்றே கிளம்பினார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. மனைவி போனபிறகு அவருக்காக ஒரு வாசலில் உட்கார்ந்திருந்த உயிர் இது ஒன்றுதான். அப்படிச் சந்தோஷப்படுவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஜுலைகா அவரை நேரே கரடியிடம் விடவில்லை. அறையில் உட்காரவைத்தார்.

"பேரீச்சம்பழம் கொண்டாந்திருக்கேன் மேடம். என் கையால குடுத்தா திங்கும்."

"திங்கும். நாளைக்கு?"

"நாளைக்கும் குடுக்கேன்."

"அப்புறம்?"

"இங்கனயே ஒரு ரூம் எடுத்து இருந்துருதேன்."

"மகளுக்குப் பிரசவம், மஸ்கட் போகணும்னு சொன்னீங்களே."

"போயிட்டு வந்துருவேன்லா?"

"அதை அதுகிட்ட எப்படிச் சொல்வீங்க சார்?"

அருமைநாயகம் பழப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

"அதே கோட்டைப் போட்டுக்குங்க. முகத்தை மூட வேண்டாம். தினமும் கதவுகிட்ட போய், கைக்கு எட்டாத தூரத்துல, அதுக்கு முதுகைக் காட்டிட்டு நில்லுங்க. பேசக் கூடாது. என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. எதிர்ப்பக்கக் கதவுல மாகாளி கஞ்சி வைப்பார்."

மாகாளி கரடிக் கூண்டின் பராமரிப்பாளர். தினம் ஒரு கோட்டில், துணி கட்டிய முகத்தோடு வேலை செய்கிறவர்.

"நான் வராமலே இருந்தா தானா மறந்துராதா மேடம்?"

"வராதவங்களுக்காக எவ்வளவு நாள் வேணும்னாலும் காத்திருக்கலாம் சார். நாளைக்கு வருவாங்கன்னு இருக்கும். இப்ப அது அதைத்தான் செஞ்சிட்டு இருக்கு. வந்தும் திரும்பிப் பாக்காதவங்களுக்காக ரொம்ப நாள் காத்திருக்க முடியாது."

"கொடுமையால்லா இருக்கு."

"ஆமா சார்."

"வேற வழியே இல்லியா?"

"இருந்தது. ஆணியில தொங்கிட்டு இருந்தது."

அவர் தலை குனிந்தார். ஜுலைகாவின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. முதல்ல இந்தத் தவிப்பு அதிகமாகும். கத்தும். கம்பியில மோதும். அந்த நேரம் பாத்துத் திரும்பிட்டீங்கன்னா, இவ்வளவு மோதினாத்தான் இவர் திரும்புவார்னு அது கத்துக்கும். அப்புறம் சாகிற வரைக்கும் மோதும்."

அருமைநாயகம் போய் நின்றார்.

பின்னால் அது ஓடிவரும் சத்தம் கேட்டது. கம்பியில் நகம் உரசியது. பிறகு மெல்ல ஒரு முனகல். குட்டிக் கரடிகள் தாயின் மடியில் கிடந்து போடுமே, அந்த முனகல். இத்தனை வயதான கரடி அதைப் போட்டது. அவர் எதிரே இருந்த புங்க மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூங்கா பார்க்க வந்த ஒரு குடும்பம் அந்தப் பக்கம் போனது.

"அந்த ஆளப் பாருங்க, கரடி பாக்க வந்துட்டு மரத்தப் பாக்குறான்," என்றார் ஒருவர்.

"டிக்கெட் தண்டம்," என்றாள் ஒரு பெண்.

அன்று சாயங்காலம் அருமைநாயகம் குருவிடம் வந்தார்.

"கஞ்சி குடிச்சிச்சா?"

"இல்ல சார்."

"உங்களுக்கு மனசு வலிக்கலியா மேடம்?"

"வலிக்குது. அதனால கரடிக்கு என்ன பிரயோஜனம்?"

மறுநாளும் நின்றார். அதற்கு அடுத்த நாளும் நின்றார். ஜுலைகா சொன்னதுபோலவே தவிப்பு அதிகமாகிக்கொண்டே போனது. முனகல் கத்தலானது. கத்தல் அலறலானது. பட்டினி கிடந்த உடம்பில் அவ்வளவு சத்து எங்கிருந்து வந்ததோ, கம்பிக் கதவு அதிர்ந்தது. ஒரு பிற்பகல் அது மூஞ்சியாலேயே மோதத் தொடங்கியது. ஒவ்வொரு மோதலுக்கும் அவர் தோள் குலுங்கியது. சிமெண்டுத் தரையில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் ரத்தம் தெறித்து விழுந்தது.

அருமைநாயகத்தின் கால் தானாகத் திரும்பப் பார்த்தது.

ஜுலைகா ஓடிவந்து அவருக்கு நேர் எதிரே நின்றார்.

"என்னைப் பாருங்க சார்."

அவர் குருவின் முகத்தைப் பார்த்தார். குரு அவர் தோளுக்கு மேலே கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நடப்பதெல்லாம் அந்த முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் கண் சுருங்கியது. பிறகு கண்ணீர் வடிந்தது. ஜுலைகா அதைத் துடைக்கவில்லை. பார்வையையும் எடுக்கவில்லை.

ஈரம் இல்லாதவர் என்று நினைத்ததற்காக அருமைநாயகம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டார். வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மேடம்," என்றார்.

"பேசாதீங்க. உங்க குரலைக் கேட்கும்."

இருவரும் அப்படியே நின்றார்கள். கரடி களைத்து விழும்வரை நின்றார்கள்.

அதன்பிறகு சத்தம் குறைந்தது. மோதல் நின்றது. கத்தல் நின்றது. முனகல் மட்டும் எப்போதாவது வந்தது. அதுவும் ஒரு நாள் காலை வரவில்லை. பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அருமைநாயகம் அசையாமல் நின்றார். செத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்தார்.

ஜுலைகா வந்தார்.

"திரும்புங்க சார்."

"வேண்டாம் மேடம். என்னால பாக்க முடியாது."

"திரும்புங்க."

அவர் திரும்பினார். கதவருகே யாரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில், மாகாளி வைத்துவிட்டுப் போன தொட்டியில், கரடி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. இளைத்துப் பாதியாகியிருந்தது. மூக்கில் மருந்து பூசியிருந்தார்கள். ஆனால் குடித்துக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து மேடம்?"

"நேத்தே கொஞ்சம் குடிச்சுது. நான் சொல்லல."

அருமைநாயகம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

"இப்ப கூப்பிடுங்க," என்றார் ஜுலைகா.

"என்னத்துக்கு மேடம்? இப்பத்தானே வாய் வச்சிருக்கு."

"கூப்பிட்டும் வரலைன்னாத்தான் உங்களை ஊருக்கு அனுப்ப முடியும். வந்துட்டா மறுபடி முதல்லேர்ந்து நிக்கணும்."

"தாயி."

குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நல்லாக் கூப்பிடுங்க சார். எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படி."

"தாயி."

வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். வந்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். இரண்டையும் ஒரே ஆண்டவரிடம்தான் கேட்டார்.

கரடியின் ஒரு காது அவர் பக்கம் திரும்பியது. வாய் தொட்டியைவிட்டு எழவில்லை. கஞ்சி முடிந்ததும் அது மெல்ல நடந்து போய், அவர் வருவதற்கு முன்னால் எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்தில் நின்று, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டத் தொடங்கியது.

அது ஆடுவதை அருமைநாயகம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போகட்டும் மேடம். என்னய மறந்துட்டுது. அதுவும் நல்லதுக்குத்தான்."

"மறக்கல சார்," என்றார் ஜுலைகா. "நீங்கன்னு தெரிஞ்சுதான் வரல."