மூன்று பூச்சுக்குள் முத்தையன்

அடேய் வர்ணக்காரா! ஒரு மனுஷனை மரத்துக்குள் வைத்துப் பூசி மூடிவிட்டுப் போனாயே, நீ நன்றாக இருப்பாயா? கேளுங்கள் மக்களே, இந்தப் பாதகன் செய்ததை.

மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், பூவத்தி நாட்டில் வேம்பாயி என்றொரு சட்டி வியாபாரி இருந்தாள். பேரத்தில் அவளை வென்றவர் கிடையாது. வீட்டிலும் அவள் குரல்தான். கணவன் முத்தையன், "நான் என்ன சொல்றேன்னா..." என்று தொடங்குவான். "அப்புறம் சொல்லுங்க" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

ஒருநாள் தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிய வர்ணக்காரன் ஒருவன் வந்தான். வாசல் கதவுக்குச் சிவப்பு, அதன்மேல் நீலம், அதன்மேல் பச்சை என்று பேச்சு. கூலியைக் குறைத்துக் குறைத்து ஒன்றுமே இல்லாமல் ஆக்கினாள் வேம்பாயி.

"சரி தாயி, இந்த வீட்டில் வாயே திறக்காத ஒன்றைக் கொடு. கதவுக்குக் காவலாக உள்ளே வைத்துப் பூசுகிறேன்."

"அம்மிக்கல்லை வெச்சுப் பூசு, போ!" என்று சிரித்தாள்.

கதவு பளபளத்தது. வர்ணக்காரனைக் காணோம். அம்மி இருந்தது. முத்தையனைக் காணோம்!

கதவுக்குள்ளிருந்து ஒரு முனகல். வேம்பாயி அரிவாளை எடுத்துக் கறகறவென்று சுரண்டினாள்.

"ஐயோ வேம்பு, என் முதுகு! நான் என்ன சொல்றேன்னா..."

"அப்புறம்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லுங்க."

"மரத்தோட ரேகைக்குக் குறுக்கே இழுக்காதே. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைச்சுப் பூசு, ஈரச் சாக்கால மூடு, பொறு. கையில துணி சுத்திக்கோ, வெந்துடும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் நம்ம அலமாரிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்."

பூசினாள், மூடினாள், பொறுத்தாள். பச்சை தோல்போலச் சுருண்டு வந்தது. பொறுத்த நேரமெல்லாம் அவன் பேசினான், அவள் கேட்டாள். பூசினாள், மூடினாள், பொறுத்தாள். நீலம் கழன்றது. சிவப்புதான் பிடிவாதம். செதுக்கிய பூவின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அரிவாள் பக்கம் போன கையை மடக்கிக்கொண்டு, ஈர்க்குச்சியை எடுத்தாள்.

"கோபம் வரலையா, வேம்பு?"

"வருது. நீங்க பேசுங்க."

பூசினாள், மூடினாள், பொறுத்தாள். புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் தேக்கின் ரேகை பளிச்சென்றது. முத்தையன் வெளியே வந்தான், முதுகில் ஒரு கீறலோடு. அவள் அதில் மஞ்சள் பற்றிட்டாள்.

"நான் என்ன சொல்றேன்னா..."

"சொல்லுங்க."

"பசிக்குது."

அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு குரல். ஆனால் வர்ணக்காரா, தெருக்கோடி வரை மற்ற வீடுகளிலும் நீ ஆளை வைத்துப் பூசிய கதவுகள் இன்னும் பளபளக்கின்றன, இன்னும் முனகுகின்றன. வேம்பாயி சுண்ணாம்பைக் குழைத்து வைத்திருக்கிறாள். வா. உன் கையாலேயே பூசு, மூடு, பொறு. ஒவ்வொருவரையும் வெளியே விடு. இதில் பேரம் கிடையாது!