ஆடு மேய்ந்த மல்லிகை

தாமரைக் குளத்தின் கரையில் ஓர் அணிலும் ஒரு முயலும் அடுத்தடுத்து வாழ்ந்தன. இரண்டின் தோட்டத்திலும் தலா ஒரு மல்லிகைப் புதர் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் தேனீக்களின் அரசி அவ்வழியே வந்தது.

"பங்குனியில் எந்தப் புதர் முதலில் பூக்கிறதோ, அந்தத் தோட்டத்து மரத்தில் கூடு கட்டுவோம். தோட்டத்தாருக்குத் தேனில் பங்கு உண்டு!" என்றது.

மறுநாளே அணில் ஒரு பிழை செய்தது. தோட்டத்து வாசலின் முள்படலைச் சாத்த மறந்துவிட்டது. ஓர் ஆடு உள்ளே நுழைந்து, புதரை வெறும் குச்சியாகும்வரை மேய்ந்தது. போகும்போது புழுக்கைகளையும் போட்டுவிட்டுப் போயிற்று.

"அட பாவி ஆட்டு மாமா! என் தேன் போயிற்றே!" என்று அணில் அழுதது.

முயல் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தது. "குச்சிக்கா காவல் இருக்கிறாய், தங்கச்சி? என் புதரைப் பார்! ஓர் இலையைக்கூட இழக்க விடமாட்டேன்!"

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டது. புழுக்கைகளைக் கூட்டி வேரடியில் புதைத்தது. தவறாமல் தண்ணீர் ஊற்றியது.

தை மாதத்தில் குச்சிகள் துளிர்த்தன. பங்குனியில் துளிர்தோறும் கொத்துக் கொத்தாக மொட்டு! அவை மலர இன்னும் மூன்று நாள் வேண்டும். முயலின் புதரில் மொட்டு ஏழெட்டுதான். ஆனால் அவை மறுநாளே மலர இருந்தன.

முயல் மொட்டுகளை எண்ணியது, நாட்களை எண்ணவில்லை. ஆடு மேய்ந்ததால்தான் அணிலுக்கு இத்தனை மொட்டு என்று நினைத்து ஆட்டிடம் ஓடியது.

"மாமா, அவள் புதரை மேய்ந்தீர்களே, என் புதரையும் மேயுங்கள்!"

"இப்போதா? நாளைக்குப் பூத்துவிடுமே, மருமகளே!"

"அவளுக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா? மேயுங்கள்!"

"விருந்துக்கு அழைத்தால் மறுப்பது மரியாதையில்லை," என்று ஆடு வேலையில் இறங்கியது. ஒரு மொட்டும் மிஞ்சவில்லை.

மூன்றாம் நாள் மாலை, அணிலின் தோட்டம் கமகமவென்று மணத்தது. தேனீக்கள் திரண்டு வந்தன.

"பொறுங்கள்! என் புதரும் ஆடு மேய்ந்த புதர்தான்! இனிமேல்தான் செழிக்கும்!" என்று முயல் கூவியது.

"செழிக்கட்டும், அக்கா! அதுவரை எங்கள் பசி பொறுக்குமா?" என்றது அரசி. அணிலின் வேப்பமரத்தில் கூடு எழுந்தது.

"வாருங்கள் அக்கா, இங்கே வந்து முகர்ந்து பாருங்கள்!" என்று அணில் அழைத்தது. "வரும் கார்த்திகையில் மாமாவை நானே உங்கள் தோட்டத்துக்கு ஓட்டி வருகிறேன்!"

முயலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறருக்கு நன்மை தந்த செயலே ஆயினும், காலம் அறியாமல் செய்தால் கையில் இருப்பதையும் இழக்க நேரும்.