நாரை சொன்ன கூரைகள்

கண்மாய்க் கரையில் சாய்ந்து நின்ற பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஓலையன் என்ற ஆண் குருவிக்கு அது ஐந்தாவது கூடு. முதல் நான்கையும் பெண் குருவிகள் வந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய்விட்டன.

தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அப்படி. ஆண் பாதிக் கூடுதான் கட்டும். கவிழ்த்த கிண்ணம்போல ஒரு கூரை, அதன் அடியில் உட்கார ஒரு குறுக்கு நார். பெண் வந்து உட்காரும். கூரையை அலகால் பிடித்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது கூட்டுக்குத் தவிட்டி என்ற பெண் குருவி வந்தது. காலையிலிருந்து அது பதினேழு கூடுகள் பார்த்திருந்தது.

"நல்லா இழுத்துப் பாரு!" என்றது ஓலையன். "ஒவ்வொரு நாருக்கும் மூணு முடிச்சு!"

தவிட்டி இழுத்தது. கூரை அசையவில்லை.

"சரி, மிச்சத்தையும் கட்டு," என்றது. "இனி அலைய எனக்குத் தெம்பில்ல. மழை வேற வரப்போகுது. முட்டை நனையாம இருந்தாப் போதும்."

ஓலையன் நான்கு நாளில் கட்டி முடித்தது. ஐந்தாம் நாள் தவிட்டி முதல் முட்டையை இட்டது. "நல்லாருக்கு" என்று மட்டும் அது சொல்லவில்லை. அலைந்த களைப்பில் அதைச் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை.

அன்றைக்குத்தான் செங்கால் நாரை வந்தது. கரையில் பட்டுப்போன கருவேல மரத்தின் உச்சியில் இறங்கி, ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டது. ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்த களைப்பு.

"பெரியவரே!" என்றது ஓலையன். "ரொம்பத் தூரமோ?"

"ம்."

"நம்ம கூட்டைப் பாத்தீங்களா? எப்படி?"

நாரை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "இதுல உன் கூடு எது?"

"இதுதான்! நடுவுல தொங்குதே!"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு." கண் மூடிக்கொண்டது.

ஓலையனுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் கட்டையன் என்ற குருவியின் கூடு கோணலாகத் தொங்கியது. அதுவும் தன் கூடும் ஒன்றா?

"கூரைன்னா எப்படித்தான் இருக்கணும், பெரியவரே?"

"தூங்க விடு."

"சொல்லிட்டுத் தூங்குங்க!"

சொன்னால்தான் விடும் போலிருந்தது. நாரை கண்ணைத் திறக்காமலே சொன்னது.

"மாஸ்கோவுல ஒரு தேவாலயம். எட்டொன்பது கூரை. ஒவ்வொண்ணும் வெங்காயம் மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். பார்சிலோனாவுல ஒரு வீடு. கூரை பெரிய மிருகத்தோட முதுகு மாதிரி வளைஞ்சு செதில் செதிலா இருக்கும். சிட்னியில கடலோரம் வெள்ளைச் சிப்பிகளை நிறுத்திவச்ச மாதிரி ஒண்ணாம். அதை நான் பாத்ததில்ல, அங்க போய்வர்ற உள்ளான் பறவைங்க சொன்னது."

"எல்லாத்துலயும் பெரிய அழகு எது?"

"ரோமுல இருக்கு. பழைய குவிமாடம். உச்சியில வட்டமா ஒரு ஓட்டை. மூடுறதே கிடையாது. உலகமே வந்து அண்ணாந்து பாக்குது."

"கூரையிலயா ஓட்டை?"

"அதுதான் அதோட அழகு. போதுமா?"

மறுநாள் விடிந்ததும், தவிட்டி இரை தேடப் போன நேரத்தில், ஓலையன் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தது. தானே போட்ட முடிச்சுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று. அலகு வலித்தது.

"என்ன மாப்ளே, குடியிருக்கிற வீட்டைப் பிரிக்கிறே?" என்று கேட்டது கட்டையன்.

"ரோமுல இப்படித்தான்!"

"ரோமா? அது எந்தக் கண்மாய்?"

ஓலையன் அடுத்த முடிச்சை அவிழ்த்தது. வெயில் ஏறியபோது உச்சியில், கூட்டைத் தாங்கும் நார்களுக்கு நடுவே, வட்டமாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது. தவிட்டி திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தது.

"ஏய்யா, என்ன இது?"

"உள்ள இருந்தே வானம் தெரியுது பாரு!"

"வானத்தை நான் வெளியில பாத்துக்கிறேன். மூடு."

"உலகமே அண்ணாந்து..."

"நாளைக்கு ரெண்டாவது முட்டை. சண்டை போட எனக்குத் தெம்பில்ல. கரைக்குப் போய் நாலு பூச்சி தின்னுட்டு வரேன். அதுக்குள்ள மூடிரு."

தவிட்டி போனது. ஓலையன் மூடத்தான் நினைத்தது. நெல் தாளைக் கிழித்து நீளமாக ஒரு நாரும் கொண்டுவந்தது. கடைசியாக ஒருமுறை மேலே பறந்து பார்த்தது. வட்டம் பிசகாமல் இருந்தது. அதன் நடுவே வெள்ளையாக முட்டை தெரிந்தது.

"பெரியவரே! இப்பப் பாருங்க!"

நாரை இரண்டு கண்களையும் திறந்தது. கொஞ்சநேரம் பார்த்தது.

"இப்ப நல்லாருக்கு," என்றது.

ஐந்து கூடுகளில் முதல்முறையாக அந்த வார்த்தை. ஓலையனின் அலகிலிருந்து நார் நழுவிக் கண்மாயில் விழுந்தது. ஓலையன் வட்டத்தின் விளிம்பைச் சீராக்கத் தொடங்கியது. மேற்கே வானம் கறுத்ததைக் கவனிக்கவில்லை.

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது.

தவிட்டி நனைந்துகொண்டே வந்து, கீழ்வாசல் வழியாக உள்ளே ஏறியது. முட்டை ஈர நாரில் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது. முதுகில் மழை விழுந்து, வழிந்து, முட்டைக்கே போனது. இறக்கையை விரித்துப் பார்த்தது. அப்போதும் போனது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது.

"முட்டை?" என்று கேட்டது ஓலையன்.

"விறைச்சுப் போச்சு."

பிறகு தவிட்டி நாரையைப் பார்த்தது. "பெரியவரே, அந்த ரோமுக் கூரைக்குக் கீழ மழை பெஞ்சா என்ன செய்வாங்க?"

"தெரியாது."

"நீங்க பாத்ததில்லையா?"

"நான் எப்பவும் மேலதான் நிப்பேன். கீழ எனக்கு என்ன வேலை?"

அந்தக் கட்டடத்தின் தரை சற்றே சரிவானது. விழும் தண்ணீர் வடிந்து போக அதில் துளைகள் உண்டு. உள்ளே போனவர்களுக்கு அது தெரியும்.

தவிட்டி ஓலையனைத் திட்டவில்லை. கட்டையனின் பக்கம் பறந்து போனது.

"இன்னொரு கூடு கட்டி வச்சிருக்கியாமே?"

"இருக்கு. குஞ்சுங்க பறந்து போய்க் காலியாக் கிடக்குற முழுக் கூடு. அதுவும் கோணல்தான்."

"ஒழுகுமா?"

"ஒழுகாது."

"அது போதும்."

இரண்டாவது முட்டையை அது அங்கேதான் இட்டது.

மழை விடவில்லை. ஓலையன் தன் வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. நாரையும் உச்சிக் கிளையில் நனைந்துகொண்டு நின்றது.

"வருத்தப்படாதே," என்றது நாரை, கண்ணை மூடிக்கொண்டே. "இங்கேருந்து பாக்க இன்னும் அழகாத்தான் இருக்கு."

ஒரு கூரை நல்லதா என்று கேட்க வேண்டியது அதன் கீழே படுப்பவரிடம்தான்.