யாருக்கும் தெரியாத இடத்துக்கு மூன்று பேர் போய்வந்தது

கோணமங்கலம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருமேனிக்கு வாழ்க்கையில் குறை என்று ஒன்றுதான் உண்டு. அது அவருடைய சகலை தனுஷ்கோடி.

தனுஷ்கோடி கெட்டவர் இல்லை. திருமேனியின் மனைவி செண்பகத்துக்கு அக்கா வீட்டுக்காரர், தாராளமானவர். ஆனால் அவருக்குத் தெரியாத இடம் என்று ஒன்று பூமியில் கிடையாது. குற்றாலம் போய்வந்தேன் என்று திருமேனி வாயைத் திறந்தால் போதும், "அருவிக்குப் பின்னால ஒரு சந்து போகுமே, அதுல போனீங்களா? போகலையா? அப்புறம் என்ன குற்றாலம் பார்த்தீங்க" என்பார். ஒரு தடவை குடல்வால் ஆபரேஷன் என்று திருமேனி திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதையாவது நாம் தனியாக அனுபவிக்கிறோமே என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சாத்துக்குடியோடு பார்க்க வந்த தனுஷ்கோடி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டிலா? ஃபேன் கடகடன்னு சத்தம் போடுமே. நான் படுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தையலைவிட அதுதான் அதிகம் வலித்தது.

சாவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சகலை வாயால் "அந்த இடம் எனக்குத் தெரியாதே" என்று கேட்டுவிட வேண்டும். சாமி கும்பிடும்போதெல்லாம் திருமேனி வேண்டிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

சாமி குக்கர் கம்பெனி ரூபத்தில் வந்தது. அதிகம் குக்கர் விற்கிற கடைக்காரருக்கு மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்கு இலவசப் பயணம், கூட இரண்டு பேரை அழைத்துப்போகலாம் என்று அறிவித்தார்கள். திருமேனிதான் ஜெயித்தார். கேஸ்கட் வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் அவர் குக்கரையே கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். கேஸ்கட் குக்கருக்குள்தானே இருக்கும், வேறு எங்கே இருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

செண்பகம் வரமாட்டேன் என்றுவிட்டாள். தரையிலேயே வழி தவறுகிற மனுஷனோடு வானத்தில் ஏற அவளுக்குத் தைரியம் இல்லை. ஆகவே திருமேனி தன் கூட்டாளிகளான சைக்கிள் கடை வைரக்கண்ணுவையும் தையல்கடை உலகநாதனையும் சேர்த்துக்கொண்டார். உலகநாதன் யாரையோ வழியனுப்ப ஒரு தடவை ஏர்போர்ட் வாசல்வரை போனவர். அதனால் வெளிநாட்டு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

டிக்கெட்டைக் கையில் கொடுத்த டிராவல்ஸ்காரர் நல்ல மனசோடு புத்தி சொன்னார்.

"எல்லாரும் போற இடத்துக்கே போய் நிக்காதீங்க. உள்ளூர்க்காரங்க என்ன செய்யறாங்களோ அதைச் செய்ங்க. யாருக்கும் தெரியாத இடமாத் தேடிப்பிடிச்சுப் போங்க. அதுலதான் சுகமே இருக்கு."

திருமேனிக்கு உடம்பு சிலிர்த்தது. யாருக்கும் தெரியாது என்றால் சகலைக்கும் தெரியாதுதானே.

அந்தத் தீவின் பேரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஏர்போர்ட்டிலிருந்து காரில் வரும்போது டிரைவர் பெருமையாகக் கோட்டையைக் காட்டினான், மாதா கோயிலைக் காட்டினான். இவர்கள் மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தப்பித்தவறி ஒரு மணிக்கூண்டைப் பார்த்துவிட்ட வைரக்கண்ணு, அதை மறக்க அன்று பூராவும் பாடுபட்டார்.

மறுநாள் காலையில் அடுத்த புத்திமதியை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டல் வாசலில் உள்ளூர்க்காரன் ஒருவன் தொப்பி போட்டுக்கொண்டு போனான். பின்னாலேயே போனார்கள். அவன் நின்றபடி காபி குடித்தான், இவர்களும் குடித்தார்கள். அவன் சலூனில் மழுங்கச் சிரைத்துக்கொண்டான். இவர்களும் வரிசையாக உட்கார்ந்து மீசையைக் கொடுத்தார்கள். பிறகு அவன் பல் டாக்டரிடம் போனான். சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு அவன் எழுந்ததும் வைரக்கண்ணு போய் உட்கார்ந்து அதே பல்லைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார், இவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கல்லு மாதிரி இருந்த கடைவாய்ப் பல் போயிற்று. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பல் போதும் என்று உலகநாதன் அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார்.

மத்தியானம் தொப்பிக்காரன் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். இவர்களும் போய் உட்கார்ந்தார்கள். பிடிக்காத மருமகன் கூட்டிவந்த ஆட்கள் என்று நினைத்தாளோ என்னவோ, அந்த அம்மாள் எல்லோருக்கும் சோறு போட்டாள். போட்டுவிட்டு மருமகனைத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், இவர்களும் குனிந்துகொண்டார்கள். பாஷை புரியாவிட்டாலும் திட்டு நன்றாகப் புரிந்தது.

சாயங்காலம் திருமேனிக்கு ஒரு சந்தேகம் வந்தது. இன்றைக்குப் போன இடமெல்லாம் தொப்பிக்காரனுக்குத் தெரிந்த இடம். அவனுக்கே தெரியும் என்றால் சகலைக்குத் தெரியாமலா இருக்கும்? மாமியார் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன் என்றுகூடச் சொல்லுவாரே.

ஓட்டல்கார அம்மாளிடம் போனார்கள். அவளுக்கு இங்கிலீஷ் பாதி தெரியும், உலகநாதனுக்கும் பாதி தெரியும். இரண்டு பாதியும் சேர்ந்து முழுசாகிவிட்டதால் பேச்சு தடங்கல் இல்லாமல் நடந்தது. யாருக்கும் தெரியாத இடம் ஒன்று சொல்லம்மா என்று கேட்டார் உலகநாதன். அவள் குஷியாகிவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குகை இருக்கிறது, பச்சைத் தண்ணீர், ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றாள்.

"உனக்கு அது தெரியுமா?"

தெரியும், சின்ன வயதில் அங்கேதான் நீச்சல் கற்றுக்கொண்டேன் என்றாள்.

"அப்ப அது வேண்டாம்" என்றார் உலகநாதன்.

ஆலிவ் தோப்புக்குள் ஒரு பாழடைந்த மண்டபம் சொன்னாள். தெரியுமா? தெரியும். வேண்டாம். எலுமிச்சை ஊறுகாய் போடும் கிழவி ஒருத்தியின் வீடு, மீனவர்கள் மட்டும் பாடுகிற ஒரு திண்ணை, இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குத் தெரிந்த பாவத்தினால் ஒவ்வொன்றும் கழிந்துபோயிற்று. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கையை ஒரு பக்கமாக வீசி உதறி, எனக்குத் தெரியாது, போங்கள் என்று கத்திவிட்டு உள்ளே போனாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருமேனியின் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா? அவளுக்குத் தெரியாதாம். கையும் காட்டிட்டுப் போறா."

பொழுது விடிந்ததும் கை காட்டிய திசையில் கிளம்பினார்கள். ஒரு மேடு வந்தது. ஏறினார்கள். உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தப் பக்கத்திலிருந்து அலைச் சத்தம் வந்தது, உப்புக்காற்று வந்தது. திருமேனி எட்டிப் பார்க்கக் காலை எடுத்து வைத்தார். உலகநாதன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லுங்க. இப்ப அந்த இடம் யாருக்கும் தெரியாது. சரியா?"

"சரி."

"நீங்க பார்த்துட்டா?"

"எனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிட்டா அது யாருக்கும் தெரியாத இடமா?"

திருமேனி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, பல் ஒன்றைப் பறிகொடுத்து, கடைசியில் இப்படி ஒரு முட்டுக்கட்டையா. போகாமல் திரும்பினால் சகலையிடம் சொல்ல ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தாலோ இடமே கெட்டுப்போகும். வைரக்கண்ணுதான் வழி கண்டுபிடித்தார். அவர் பல் போனதிலிருந்து கொஞ்சம் தெளிவாக இருந்தார்.

"பார்த்தாத்தானே தெரியும்? போவோம், பார்க்காம இருப்போம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆளுக்கு ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். கைகோத்து, சரிவில் தட்டுத்தடுமாறி இறங்கினார்கள். காலில் மணல் பட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டது. சுற்றிலும் ஏகப்பட்ட சிரிப்புச் சத்தம் கேட்டது. கடற்பறவைகள் என்றார் உலகநாதன். எங்கிருந்தோ ஒரு பந்து வந்து அவர் மண்டையில் விழுந்தது. தேங்காய் என்றார். யாரோ ஒருவன் இவர்களுடைய கையைப் பிடித்து ஆளுக்கொரு ஐஸ்கிரீமைத் திணித்தான். யாருக்கும் தெரியாத இடத்தில் ஐஸ் விற்கிறவன் எப்படி வந்தான் என்று வைரக்கண்ணு சந்தேகம் கிளப்பினார்.

"பாவம், வழி தவறி வந்திருப்பான்" என்றார் உலகநாதன். "எங்க நிக்கிறோம்னு அவனுக்கே தெரியாது."

காற்று முகத்தில் அடித்தது. திருமேனிக்கு ஆசை தாங்கவில்லை. துண்டை லேசாக, ஒரு நூல் அளவு விலக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் துண்டுக்குப் போய்விட்டது. சகலை முகம் நினைவுக்கு வந்தது. துண்டை இன்னும் இறுக்கி ஒரு முடிச்சு போட்டுக்கொண்டார். என்ன மன உறுதி என்கிறீர்கள்.

அத்தாட்சிக்கு ஒரு போட்டோ வேண்டுமே. செல்போன் பார்த்துவிடக் கூடாது என்று அதற்கும் கைக்குட்டையால் நன்றாகக் கட்டுப் போட்டு எடுத்தார்கள்.

ஊர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, திருமேனி சகலையை விருந்துக்குக் கூப்பிட்டார். கூட்டாளிகள் இருவரும் சாட்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் செல்போனை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, இந்த இடம் எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

தனுஷ்கோடி வாங்கிப் பார்த்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சகலை வாயைத் திறந்தார்.

"இதுவா? தெரியாம என்ன? கடற்கரை. நான் போயிருக்கேன். கூட்டம் ஜாஸ்தியா இருக்குமே தம்பி. ஐஸ்கூட விப்பான்."

ஐஸ் என்றதும் மூவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. திருமேனி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். வாழ்நாள் ஆசை மண்ணாய்ப் போயிற்று. உலகநாதன்தான் சும்மா விடவில்லை. ஐஸை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், இவர் போனது இதே இடம்தான் என்பதற்கு என்ன உறுதி, இடத்தை முழுசாக வர்ணிக்கட்டும், நாம் ஒத்துப்பார்ப்போம் என்றார்.

தனுஷ்கோடி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். நீலத் தண்ணீர் என்றார், வெள்ளைப் பாறை என்றார், பாறைமேல் ஒரு ஒற்றைப் பனை என்றார். மூவரும் துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார்கள்.

திருமேனி கட்டிய கண்ணோடு பெருமூச்சு விட்டார்.

"அதே இடம்தான். அந்தப் பனைகூட அப்படியே இருக்கு."