கோபுரத்துக் காக்கையின் சாம்பல் பிடரி

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதரோடு பேசின. பேசியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, எதிர்த்தும் பேசின. அதிலும் அயர்லாந்தில், ஷானன் ஆற்றங்கரையில் வாழ்ந்த சின்னக் காக்கைகளுக்கு வாய் சற்று நீளம். இன்று ஜாக்டா என்கிறார்களே, அதே காக்கைதான். நம் ஊர்க் காக்கையைவிடச் சின்னது, புறா அளவுதான் இருக்கும். அப்போது உச்சி முதல் வால் வரை அது கன்னங்கறுப்பு. ஆற்றோரத்தில் நின்ற பழைய ஓக் மரத்தின் பொந்துகளில் குச்சியும் ஆட்டு ரோமமும் வைத்துக் கூடு கட்டி, குடும்பம் குடும்பமாக வாழ்ந்து வந்தது.

அந்த ஆற்று வளைவில் பெண் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. கூரை வேய்ந்த குடில்கள், ஒரு சின்னக் கல் கோயில், சுற்றிலும் மண்மதில். மதிலுக்கு வெளியே நாலு திக்கிலும் நாலு கல் சிலுவைகள் நின்றன. அவற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் யாராக இருந்தாலும் மடத்தின் அடைக்கலம். துரத்தி வருகிறவன் அரசனே ஆனாலும் சிலுவைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். மடத்துத் தலைவி ரோனத் அம்மா வந்தவரின் பிடரியில் கைவைத்து, "நீ உள்ளே இருக்கிறாய்" என்று சொல்வாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆளைத் தொட யாருக்கும் துணிவு வராது.

ரோனத் அம்மா எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிறவள் இல்லை. சரியான காரியத்தையும் முழுதாகச் செய்வாள், தப்பான காரியத்தையும் அதே மாதிரி முழுதாகச் செய்வாள். ஒருமுறை ஈட்டியோடு வந்து நின்ற ஒரு சிற்றரசனை, கையில் இருந்த மாவைக்கூடக் கழுவாமல் வெளியே போய், நாலு வார்த்தை பேசித் திருப்பி அனுப்பியவள். தன் சொல்லை நம்பி வந்தவர் யாரும் கெட்டுப்போனதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

ஆனால் கடற்கொள்ளையருக்குச் சிலுவையும் தெரியாது, வழக்கமும் தெரியாது. நீளப் படகுகளில் ஆற்றின்மேல் ஏறி வந்து அவர்கள் கீழ்க்கரை மடத்தைச் சூறையாடிய செய்தி வந்தபோது, ரோனத் யோசித்தாள். வெறும் சொல்லைக் காட்டி இவர்களை நிறுத்த முடியாது. பெக்கன் என்ற கொத்தனாரை வரவழைத்து, ஒரு கோபுரம் கட்டச் சொன்னாள்.

பெக்கன் கெட்டிக்காரன்தான். அதை அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான். வட்டமாக, பனைமரம்போல ஒல்லியாக, உச்சியில் கூம்புத் தொப்பி வைத்து ஒரு கோபுரம் எழுப்பினான். வாசலை இரண்டு ஆள் உயரத்தில் வைத்தான். ஏணி போட்டு ஏறி, ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டால் வெளியே இருப்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்று அந்த மடத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களும் அந்த வாசலை அப்படித்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். உச்சியில் நாலு திக்குக்கும் நாலு ஜன்னல். அங்கே நின்று மணி அடித்தால் மூன்று ஊருக்குக் கேட்கும்.

உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்கள் போட மரம் வேண்டியிருந்தது. ஆற்றோரத்து ஓக் மரத்தை வெட்டினார்கள்.

தளங்கள் போட்டு, மணியும் மாட்டி முடிந்ததும் காக்கைகளில் மூத்ததான சியாக்கி மடத்து மதில்மேல் வந்து உட்கார்ந்தது.

"அம்மா, எங்க வீட்டை வெட்டிட்டாங்க. வெட்டினது எங்கே போச்சுன்னு பார்த்தா, உங்க கோபுரத்துக்கு உள்ளே இருக்கு. அதனால நாங்களும் அங்கேயே வந்துடறோம்."

"வரக்கூடாது" என்றாள் ரோனத். "மேலே மணி இருக்கு. கீழே வேதப் புத்தகங்களைத் தோல்பையில போட்டுத் தொங்கவிட்டிருக்கு. நீங்க வந்தா எல்லாம் எச்சமாயிடும்."

"சிலுவையைத் தாண்டி வந்தவங்க எல்லாரும் அடைக்கலம்னு சொல்றீங்களே?"

"அது மனுஷங்களுக்கு."

"அப்படின்னு கல்லுல எழுதியிருக்கா?"

ரோனத்துக்குச் சுருக்கென்றது. வேலை கிடக்கிறது என்று திரும்பி நடந்துவிட்டாள்.

காக்கைகள் விடவில்லை. வசந்தம் வந்ததும் உச்சி ஜன்னல்களில் குச்சி போட்டன. ரோனத் தானே மேலே ஏறி, துடைப்பத்தால் அத்தனையையும் தள்ளிவிட்டாள். மறுவருஷமும் அவை போட்டன, அவள் தள்ளினாள். அதற்கு அடுத்த வருஷமும் அதே கதை. தள்ளிய குச்சிகள் கோபுரத்தின் அடியில், வாசலுக்கு நேர் கீழே, குவிந்து கிடந்தன. வெயிலில் காய்ந்து சுள்ளியாகிப் போன அந்தக் குவியலை அள்ளிப்போட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வசந்தத்தில் சியாக்கி கடைசியாக ஒரு தடவை வந்தது. பெக்கனும் அப்போது அங்கே இருந்தான், சுண்ணாம்புப் பூச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டு.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். இந்தக் கோபுரம் மூச்சு விடுது. கீழ்வாசல்ல காத்தை இழுக்குது, மேல்ஜன்னல்ல விடுது. உச்சியில உட்கார்ந்தா இறக்கையை அடிக்கவே வேண்டாம், காத்தே தூக்கும். யாராவது கீழே நெருப்பு வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

பெக்கன் சிரித்தான். "கல்லு எரியுமா, காக்கா? நான் கட்டினது கல்லு."

"நீங்க கட்டினது கல்லு. உள்ளே இருக்கிறது எங்க மரம்."

"நெருப்பு இரண்டு ஆள் உயரம் ஏறி வரப்போகுதாக்கும்" என்றான் பெக்கன். ரோனத்தும் சிரித்துவிட்டாள். கூடு கட்ட இடம் கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறது என்று நினைத்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, அன்றைய குச்சிகளையும் தள்ளிவிட்டு வந்தாள்.

ஒரு காலை நேரம். ஆற்றில் மூடுபனி விலகியபோது நீளப் படகுகள் வளைவைத் தாண்டிவிட்டிருந்தன.

ரோனத் பதறவில்லை. மணி அடிக்கச் சொன்னாள். வயல்களில் இருந்தவர்கள், துறவிகள், கொல்லனின் மனைவி பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத தன் குழந்தையோடு, எல்லோரும் ஓடி வந்தார்கள். ஏணியடியில் நின்று ஒவ்வொருவர் பிடரியிலும் கைவைத்து, "நீ உள்ளே இருக்கிறாய்" என்று சொல்லி ஏற்றிவிட்டாள். கடைசியாகத் தான் ஏறி, ஏணியை இழுத்துக்கொண்டு, கனத்த மரக்கதவைச் சாத்தினாள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற முகங்களில் அவ்வளவாகப் பயம் இல்லை. அம்மா இருக்கிறாள், கோபுரம் இருக்கிறது, பிறகென்ன?

கொள்ளையர் கோபுரத்தைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அடியில் காய்ந்த சுள்ளிக் குவியல் தயாராகக் கிடந்தது. அதன்மேல் குடில்களின் கூரை வைக்கோலைப் பிடுங்கிக் கதவு எட்டும்வரை அடுக்கி, தீ வைத்தார்கள்.

சியாக்கி சொன்னது ஒரு சொல் பிசகாமல் நடந்தது. கோபுரம் மூச்சை இழுத்தது. கதவிடுக்கு வழியாகப் புகை சீறிக்கொண்டு உள்ளே வந்து, தளம் தளமாக ஏறியது. பின்னாலேயே தீப்பொறிகளும் வந்தன. இருமல் கேட்டது, பிறகு அழுகை.

காற்றோட்டத்தை அடைத்தால் புகை நிற்கும் என்று ரோனத்துக்குப் புரிந்தது. உச்சிக்கு ஏறி, பெண்களின் போர்வைகளை வாங்கி ஜன்னல்களில் திணித்தாள். காய்ந்த துணி, அடியிலிருந்து வரும் பொறி. திணித்ததெல்லாம் கருகிச் சாம்பலாக அவள் கையிலேயே உதிர்ந்தது. ஈரத்துணி வேண்டும். தண்ணீரோ ஆறு நிறைய இருந்தது, வெளியே. கோபுரத்துக்குள் ஒரு குடம் வைக்க யாரும் நினைக்கவில்லை. கல் எரியாதே.

வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் சொல்லை நம்பி ஏறியவர்கள் தன் சொல்லாலேயே சாகப்போகிறார்கள் என்பது அவள் நெஞ்சை அறுத்தது.

சியாக்கி வந்து வடக்கு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது.

"கேலி பண்ணணும்னா பண்ணிட்டுப் போ" என்றாள் ரோனத். "உனக்கு அந்த உரிமை இருக்கு. நீ சொன்னப்போ நான் சிரிச்சேன். கீழே எரியறது நான் தள்ளிவிட்ட குச்சி. ஆனா அவங்க என்ன பண்ணினாங்க? அந்தக் குழந்தை என்ன பண்ணிச்சு?"

"கேலிக்கு நேரமில்லைம்மா. பேரமும் பேச வரலை. முதல்ல கேட்டதையே கேக்கறேன். நாங்க சிலுவைக்கு உள்ளேயா, வெளியேயா?"

ரோனத் அதைப் பார்த்தாள். மரம் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அது கேட்டது இந்த ஒன்றைத்தான். மனிதர் கேட்டிருந்தால் மறுநொடியே கொடுத்திருப்பாள் என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சாம்பல் அப்பிய கையை நீட்டி, காக்கையின் பிடரியில் வைத்தாள்.

"நீ உள்ளே இருக்கிறாய். உன் இனம் முழுக்க உள்ளே இருக்கிறது. இந்தக் கோபுரத்தில் கல்மேல் கல் நிற்கிறவரை உங்கள் குச்சியை யாரும் தள்ளக்கூடாது. இது ரோனத்தின் சொல்."

சியாக்கி ஒரு குரல் கொடுத்தது. ஆற்றங்கரை முழுவதும் அதற்குப் பதில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொள்ளையர் வாய் பிளந்து பார்த்தார்கள். வானம் கறுத்து வந்தது. ஒரு கூட்டம் குச்சிகளைக் கொண்டுவந்து ஜன்னல்களின் குறுக்கே செருகியது. பொந்தில் குச்சியை எப்படிச் செருகினால் விழாது என்பது அவற்றுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இன்னொரு கூட்டம் சதுப்பு நிலத்துப் பாசியை அலகு நிறையக் கொண்டுவந்து அந்தக் குச்சிகளுக்கு இடையில் அப்பியது. சதுப்புப் பாசி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிற சாதி, பிழிந்தால் சொட்டும். பொறி பட்டால் உஸ்ஸென்று அணைந்ததே தவிர, பற்றவில்லை. உள்ளிருந்து ரோனத் கையால் அதை இறுக்கிக்கொடுத்தாள். சூடான புகையில் தலையை நுழைத்து நுழைத்து வேலை செய்ததில் காக்கைகளின் கறுத்த கண்கள் வெளுத்துப்போயின. அப்படியும் ஒன்றுகூட ஒதுங்கவில்லை. வழக்கம்போலக் கத்திக்கொண்டேதான் வேலை செய்தன.

கிழக்கு அடைபட்டது, தெற்கு அடைபட்டது, பிறகு மேற்கு. வடக்கு ஜன்னலின் கடைசி இடுக்கில் சியாக்கி தன் அலகிலிருந்த பாசியை அழுத்தியதும் கோபுரம் மூச்சை நிறுத்தியது.

உள்ளே ஏறிக்கொண்டிருந்த புகை தயங்கி நின்றது. உள்ளே இழுக்கும் காற்று இல்லாததால் வெளித்தீ வெளியிலேயே தங்கியது. ஆற்றுக்காற்று திரும்பியபோது புகை மொத்தமும் கொள்ளையர் முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர்கள் பின்வாங்கிய நேரத்தில், மணி கேட்ட மூன்று ஊர்க்காரர்களும் கோடரியும் அரிவாளுமாக வந்து சேர்ந்தார்கள். கொள்ளையர் படகுக்கு ஓடினார்கள். கதவின் வெளிப்பக்கம் கரியாகியிருந்தது. உள்பக்கம் தாங்கி நின்றது.

இருட்டுக்குள் முதலில் கேட்டது கொல்லன் மனைவியின் குழந்தை அழுத சத்தம். அதைக் கேட்டு ரோனத் உச்சித் தளத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் பெக்கன் ஏணியும் கூடையுமாக வந்தான். "ஜன்னலைச் சுத்தம் பண்ணிடறேம்மா. இப்படியே விட்டா மணி பாதி ஊருக்குக்கூடக் கேட்காது. எச்சம் விழுந்து பலகையெல்லாம் உளுத்துப்போயிடும்."

"உளுக்கட்டும்" என்றாள் ரோனத். "மணி அடிக்க இடம் வேணும்னா அவங்களைக் கேட்டுக்கோ. வீடு அவங்களோடது."

பெக்கனுக்கு அது கௌரவக் குறைச்சல்தான். ஆனாலும் கேட்டான். காக்கைகள் இரண்டு நாள் தங்களுக்குள் சத்தம் போட்டுப் பேசி, ஒரு ஜன்னலை மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தன.

ஜன்னலை விட்டுக்கொடுத்த அன்று மாலை காக்கைகள் எல்லாம் கோபுரத்தடியில் இறங்கி வரிசையாக நின்றன. ரோனத் அணைந்த தீயில் கையை வைத்துச் சாம்பலை எடுத்தாள். கொள்ளையரின் நெருப்பில் எஞ்சிய அதே குச்சிச் சாம்பல். ஒவ்வொன்றின் பிடரியிலும் கைவைத்து, அந்த வார்த்தையைச் சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை. எடுத்த காரியத்தை அவள் எப்போது அரைகுறையாக விட்டிருக்கிறாள்? பிறகு மழை பெய்தது, பனி பெய்தது. அந்தச் சாம்பல் போகவில்லை. குஞ்சுகளும் அதே சாம்பலோடு வளர்ந்தன.

ரோனத் காலமானாள். அவளுக்குப் பின் வந்தவர்களும் போனார்கள். குடில்கள் மண்ணாயின, கோயிலின் கூரை விழுந்தது, ஓக் தளங்கள் உளுத்து உதிர்ந்தன, மணியும் எங்கோ போய்விட்டது. அடைக்கலம் கேட்க ஆளும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை. ஆனால் கோபுரத்தில் இன்னும் கல்மேல் கல் நிற்கிறது. அதனால் சொன்ன சொல்லும் நிற்கிறது. இடிபாடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தால், உச்சியிலிருந்து ஒரு குச்சி பொத்தென்று காலடியில் விழும், மேலே ஒரு கூட்டம் யாரடா நீ என்று அதட்டும். அந்த வீட்டுக்காரர்கள் அந்தக் காக்கைகள்தான்.

அன்றிலிருந்துதான் சின்னக் காக்கைக்குப் பிடரி மட்டும் சாம்பல் நிறம். ஆளற்றுப்போன பழைய கோபுரம் எங்கே இருந்தாலும் அது அங்கே போய்க் குச்சி போடுவதும், அதைத் தள்ளிவிட அங்கே யாருக்கும் கை வராததும் அன்றிலிருந்துதான்.